ஏரிக்கு விட்ட இடம்

மாண்ட்ரியல் தீவின் மேற்கு நுனியில், சுமார் 5,000 பேர் வாழும் சிறு நகரம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. வடமேற்கிலிருந்து வரும் ஒட்டாவா ஆறு இங்கே 'இரு மலை ஏரி'யாக அகன்று, நான்கு வழிகளில் பிரிந்து வெளியேறுகிறது. இரண்டு கிளைகள் வடக்கே திரும்புகின்றன. மற்ற இரண்டும் சென்ட்-ஆன், வோத்ரேய் நீர்வழிகளாக சென்-லூயி ஏரியில் இறங்குகின்றன. சென்ட்-ஆன் கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் லாக் 1843 முதல் இயங்குகிறது. இரு ஏரிகளின் நீர்மட்டத்துக்கும் இடையே சாதாரண நாளில் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். சரிவு இவ்வளவு குறைவு என்பதால், பெருவெள்ளம் வந்தால் அதே வேகத்தில் வடிய வழியில்லை. ஏரி மெல்ல உயரும், நாள்கணக்கில் நிற்கும்.

ஒட்டாவா ஆற்றின் வடிநிலம் 1,46,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஐந்து மாதம் அங்கே குவியும் பனி ஏப்ரல், மே மாதங்களில் உருகி ஒரே நேரத்தில் கீழே வருகிறது. 1974, 1976 வெள்ளங்களுக்குப் பிறகு, 1983இல் இந்த ஆற்றுக்கென ஒழுங்குமுறைத் திட்டக் குழு அமைக்கப்பட்டது. 13 பெரிய நீர்த்தேக்கங்களின் இயக்கத்தை அது ஒருங்கிணைக்கிறது. ஆனால் வடிநிலத்தில் ஏறக்குறைய 40 சதவீத நிலத்தின் நீர்தான் அந்தத் தேக்கங்களுக்கு வருகிறது. மீதி நீருக்கு யாரும் மதகு மூட முடியாது. ஏரிக்குச் சற்று மேலே உள்ள காரியோன் அணை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது; வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் இடம் அதில் மிகக் குறைவு. 'மேலே அணை இருக்கிறதே' என்ற நம்பிக்கையில் கரையோரத்தில் வீடு வாங்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

இரண்டே ஆண்டு இடைவெளியில் அந்த ஆபத்து இருமுறை நிரூபணமானது. 2017 மே 7 அன்று மாண்ட்ரியல் அவசரநிலை அறிவித்தது. கியூபெக் மாகாணம் முழுவதும் 5,000க்கும் மேற்பட்ட வீடுகளில் வெள்ளம் புகுந்தது. 2019இல் காரியோனில் நொடிக்குச் சுமார் 9,000 கனமீட்டர், அதாவது மூன்று லட்சம் கனஅடிக்கு மேல் பாய்ந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறக்கப்பட்ட 29,000 கனஅடியைப் போலப் பத்து மடங்கு. ஏப்ரல் 26 அன்று மாண்ட்ரியல் மீண்டும் அவசரநிலை அறிவிக்க, மறுநாள் மாலை இரு மலை ஏரியின் வடகரையில் சென்ட்-மார்த்-சுர்-ல-லாக் ஊரின் தடுப்புக்கரை உடைந்தது. 6,000க்கும் மேற்பட்டோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். கரை இருந்ததால்தான் அதன் பின்னால் அத்தனை வீடுகள் எழுந்தன. கரை உடைந்தபோது அத்தனையும் ஒரே இரவில் மூழ்கின.

வீட்டுக்குள் வெள்ளம் வருவது பெரும்பாலும் வாசல் வழியாக அல்ல. இங்குள்ள வீடுகளுக்கு பேஸ்மென்ட் உண்டு. அதன் தரையில் ஒரு குழி, குழிக்குள் நிலத்தடி நீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப். மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும். 1998 ஜனவரியின் பனிக்கட்டி மழையில் மின்கோபுரங்களே மடங்கி விழுந்து, பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இருளில் கிடந்த மாகாணம் இது. சாக்கடை நீர் எதிர்த்து ஏறாமல் தடுக்கும் வால்வு இல்லாத வீட்டில், வாசலில் எத்தனை மணல் மூட்டை அடுக்கினாலும் கழிப்பறை வழியாக நீர் வந்துவிடும். 2024 ஆகஸ்ட் 9 அன்று டெபி புயலின் மிச்சம் மாண்ட்ரியலில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆறு கரை தாண்டாத இடங்களிலும் பேஸ்மென்ட்கள் நிறைந்தன. காப்பீட்டு இழப்பு ஏறக்குறைய 250 கோடி டாலர். கியூபெக் வரலாற்றிலேயே மிக அதிகம்.

இத்தனைக்கும் நடுவே மக்கள்தொகை மேற்கு நோக்கி நகர்கிறது. தீவிலிருந்து மேற்கே செல்லும் பாலத்துக்கு அப்பால் உள்ள வோத்ரேய்-தோரியோனில் 2006இல் சுமார் 26,000 பேர் இருந்தார்கள். 2021இல் 43,000க்கு மேல். சென்ட்-ஆனை ஒட்டிய மேற்கு பியர்ஃபோனின் புல்வெளியில் 5,500 வீடுகள் கட்டும் திட்டம் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 2019 ஆகஸ்ட்டில் மாண்ட்ரியலின் அப்போதைய மேயர் வலெரி பிளான்ட் 3,000 ஹெக்டேர் 'மேற்குப் பெரும்பூங்கா'வை அறிவித்தபோது அது முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டே நகரம் 140 ஹெக்டேரை 7.3 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் புல்வெளி ஒட்டாவா ஆற்றின் பெருக்கை உறிஞ்சிவிடாது. அப்படி யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. உள்ளூர் மழையை அது தாங்கும். அங்கே வீடு இல்லாததால் படகில் போய் மீட்க வேண்டியவர்களும் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்குக் கொடுத்த பிறகு மிச்சத்தைக் காக்கப் போராடும் சென்னைக்கு, இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

சட்டமும் மெதுவாகப் பின்தொடர்கிறது. 2019இல் கியூபெக் அரசு வெள்ளப் பகுதிகளில் புதிய கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. திரும்பத் திரும்ப மூழ்கும் வீட்டுக்கான உதவிக்கு, அதன் ஆயுள் முழுவதற்குமாக 1,00,000 டாலர் என உச்சவரம்பு வைத்தது. 2024இல் தேஜார்தான் நிதி நிறுவனம், மிக அதிக ஆபத்துள்ள இடங்களில் புதிய வீட்டுக் கடன்களைக் கட்டுப்படுத்தியது. 2025இல் வெளியான புதிய விதிகள் வெள்ளப் பகுதிகளை ஆபத்தின் அளவைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கின்றன. வரைபடத்தில் வீடு சிவப்பாகத் தெரிந்தால் விலை சரியும் என்ற கரையோரக் குடும்பங்களின் அச்சம் நியாயமானது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. வெளியேறச் சொல்லும் அரசு, ஈடான இடத்தில் குடியேறும் அளவுக்குப் பணமும் தர வேண்டும். புதிதாக வருவோருக்கும் வீடு வேண்டும். சென்ட்-ஆனின் வடபகுதியில், மாநகர ரயிலின் ஆன்ஸ்-ஆ-லோர்ம் முனையம் இருக்கும் மேட்டுப்பகுதியில் மாடி உயர்த்திக் கட்டினால் ஏரிக்கரையைத் தொடவேண்டிய தேவை பெருமளவு குறையும்.