காட்டு வழிக்கு எந்தத் துவக்கு?

சென்ற வைகாசியில் ஒருநாள் மாலை, நம்மிடம் கற்கும் மாணவன் ஒருவன் வீட்டு வாயிலில் வந்து நின்றான். ஏதோ பாடத்தில் ஐயம் போலும் என்றெண்ணி உள்ளே அழைத்தோம். அவன் கேட்டதோ வேறு. "சேர், கரடி, சிறுத்தை வந்தால் சுடுவதற்கு எந்தத் துவக்கு நல்லது?" என்றான்.

நாய்க்கும் பாம்புக்கும் அஞ்சிப் பனங்கூடலில் நடக்கும் கரவெட்டியில் இப்படியொரு வினா எழுவானேன் என்று வியந்தோம். காரணம் பின்னர் புலப்பட்டது. அவனுடைய அப்பாச்சி, தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வதாக நேர்த்தி வைத்திருக்கிறார். மட்டக்களப்பும் பொத்துவிலும் கடந்து உகந்தை மலை வரை அடியார் கூட்டத்தோடு அவர் நடப்பார். அதன்பின் கும்புக்கன் ஆற்றையும் யால வனத்தையும் கடக்கும் நாள்களில் பேரன் துணையாகச் செல்லவேண்டும் என்பது வீட்டாரின் முடிவு. வன்னியில் வயல் காக்கும் மாமனிடம் அனுமதிப் பத்திரத்தோடு கூடிய இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருக்கிறதாம். அதை வாங்கிச் செல்லலாமா என்பதே பையனின் யோசனை.

நேயர்கள் நகைத்தல் வேண்டா. மூத்தவர் ஒருவரின் உயிரைத் தன் பொறுப்பாகக் கருதிய பிள்ளையின் வினா அது. ஆதலால் நாமும் அதனை முறையாகவே ஆராய்ந்தோம்.

முதலில் சட்டம். மாமன் பெயருக்குக் கிடைத்த அனுமதி மருமகனுக்கு ஆகாது. மேலும், 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசிய வனத்துள் யாத்திரிகர் துவக்கு ஏந்திச் செல்ல இடமில்லை. யால 1938 இலேயே தேசிய வனமாயிற்று. ஆகவே துவக்கோடு வருபவனுக்கு வனவாயில் திறவாது. ஆனால், சட்டம் இடந்தந்தால் துவக்கு உதவுமா என்பதையும் பார்க்கவேண்டும் அன்றோ?

மாமனின் துவக்கு பன்றியை விரட்டுவதற்கு உரியது. அதன் தோட்டாவிலுள்ள சிறு சன்னங்கள் யானையின் தோலைத் துளைத்து உயிர்நிலையை எட்டா. அதன் சினத்தை வளர்க்கவே பயன்படும். யானையை வீழ்த்த வல்லது கனமான றைபிள். அதனைத் தோளில் சுமந்து, வெயிலில் மணலில் நடந்து, களைத்த வேளையில் நொடிப்பொழுதில் குறிதவறாது சுடுவது பழகியவர்க்கே அரிது. இடியன் துவக்கோ ஒருமுறை வெடித்தபின் மீண்டும் மருந்திட்டு இடிக்கும் வரை வெறுந்தடிக்கு நிகர். றிவோல்வர் சுமப்பதற்கு இலகுவாயினும் பாய்ந்துவரும் பெருவிலங்கை நிறுத்தும் வலிமை அதற்குக் குறைவு. அதனாற் குறிபார்த்துச் சுடுவதும் கடினம்.

இனி விலங்குகளைக் கருதுவோம். இலங்கைச் சிறுத்தை மனிதனைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். மனிதரை உண்ணப் பழகியதாக நம் நாட்டில் பேர்பெற்றது மட்டக்களப்புப் புகையிரதப் பாதையை அடுத்த புனானைச் சிறுத்தை ஒன்றே. பன்னிருவரையேனும் கொன்ற அதனை 1924 இல் ஷெல்டன் ஏகார் என்பவர் சுட்டார். வட இந்தியாவின் ருத்ரபிரயாகையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை 1926 இல் வீழ்த்துமுன், காட்டையே கல்வியாகக் கற்ற ஜிம் கோர்பெட் எத்தனையோ இரவுகள் கண்விழித்துத் தோல்வியுற்றார். அவ்வாறாயின், துவக்கைத் தொட்டறியாத மாணவன் எம்மாத்திரம்?

நம் காடுகளில் கால்நடையாகச் செல்வோர் மெய்யாகவே அஞ்சவேண்டியவை யானையும் கரடியுமே. கரடி நம்மை இரையாகக் கருதுவதன்று. கறையானும் கனியும் தேனும் அதன் உணவு. ஆயினும் அதற்குப் பார்வையும் செவியும் மந்தம், மோப்பமே கூர்மை. காற்று எதிரே வீசும்போது ஓசையின்றி அணுகினால், நாம் மிக நெருங்கிய பின்னரே அது உணரும். உணர்ந்ததும் வெருண்டு பாய்ந்து முகத்தைப் பிறாண்டும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் என்றே வைத்துக்கொண்டாலும், 15 மீற்றரைக் கடக்க அதற்கு 2 விநாடியும் வேண்டா. தோளிலுள்ள துவக்கை இறக்குவதற்கே அப்பொழுது போதாது. பாலைப்பழம் பழுக்கும் காலமும் யாத்திரைக் காலமும் ஒன்றாக அமைவதையும் மறத்தலாகாது. அப்பழம் கரடிக்கு மிக விருப்பமானது.

பிறநாட்டு அநுபவமும் இதற்கு ஒத்ததே. அலாஸ்காவில் கரடியோடு நேர்ந்த 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்ட அறிஞர், சுடுகலனைப் பயன்படுத்தியோருக்கும் பயன்படுத்தாதோருக்கும் நேர்ந்த முடிவில் வேறுபாடு காணவில்லை. 2008 இல் வெளியான மற்றோர் ஆய்விலோ, மிளகாய்க் காரத்தைப் பீச்சும் தெளிப்பான் 10 இல் 9 தடவை கரடியைத் தடுத்ததாகக் கண்டனர். பனிக்கரடி உலவும் ஸ்வால்பார்ட் தீவுகளில் மட்டும் ஊரெல்லையைத் தாண்டுவோர் துவக்கு வைத்திருக்குமாறு அரசினரே அறிவுறுத்துகின்றனர். அங்கே மனிதனை இரையாகக் கொள்ளக்கூடிய விலங்கு உண்டு, மறைய மரமுமில்லை. நம் காடு அத்தன்மையதன்று.

இவற்றையெல்லாம் கூறியபின், நாம் எவரிடமும் சொல்லாதிருந்த ஒன்றையும் அவனிடம் சொன்னோம். இளமையில் வன்னியில் உறவினர் சேனையொன்றில் இரவு தங்கினோம். அங்கிருந்த இடியன் துவக்கு நம் கையில் இருந்தது. நடுச்சாமத்தில் பற்றைக்குள் சரசரப்புக் கேட்டது. கரடிதான் என்று துணிந்து குறிவைத்தோம். அருகில் படுத்திருந்த முதியவர் துள்ளியெழுந்து குழலை மேலே தட்டிவிட்டார். வெடி வானத்தை நோக்கிப் போயிற்று. பற்றைக்குள்ளிருந்து தண்ணீர்க் குடத்தோடு வெளிப்பட்டவன் நம் நண்பன். இன்றும் அவன் வீட்டுக் குழந்தைகளைக் காணும்போதெல்லாம் அந்தச் சத்தம் நம் காதில் ஒலிக்கிறது.

மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்படியானால் எதைக் கொண்டுபோவது?" என்றான்.

கூட்டத்தை விட்டுப் பிரியாதே. விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் நடவாதே. வாய் ஓயாது அரோகரா சொல். அது பக்தி மட்டுமன்று, கரடிக்கு முன்னறிவித்தலுமாகும். பாலைமரத்தடியிலும் நீர்நிலையோரத்தும் தங்காதே. யானையைக் கண்டால் நின்று வழிவிடு. சிறுத்தையைக் கண்டால் ஓடாதே. கரடி பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடு. வனசீவராசிகள் திணைக்களத்தார் வழி திறக்கும் நாள்களில் மட்டும் போ. பலமுறை சென்றுவந்த சாமிமார் சொல்வதைக் கேள். இவ்வளவே நாம் கூறியது. அப்பாச்சியும் கேள்வியுற்றுச் சிரித்தாராம். "துவக்கோட போனா, நாங்கள் கந்தனைப் பார்க்கப் போறமோ, கரடியைப் பார்க்கப் போறமோ?" என்றாராம்.

ஆடியில் பையன் திரும்பினான். முகம் கறுத்துக் கால் வெடித்திருந்தது. வனத்துள் மூன்றாம் நாட்காலை, பாதையோரப் பாலைமரத்தடியில் கரடியொன்று நின்றதாம். முன்னே சென்ற சாமியார் கையை உயர்த்தினார், கூட்டம் நின்றது. எல்லோரும் ஒருசேர அரோகரா என்றனர். கரடி தலைதூக்கி மோந்து, மெல்லத் திரும்பிப் பற்றைக்குள் மறைந்தது.

"துவக்கு இருந்திருந்தால் நான் சுட்டிருப்பேன், சேர்" என்றான்.

"கரடிக்கும் உனக்கும் இடையில் யார் நின்றார்கள்?" என்று வினவினோம்.

"அப்பாச்சியும் இன்னும் மூன்று பெண்களும்" என்று சொல்லிவிட்டு, அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.