‘மந்திரக் குண்டு’ என்ற பெயர் இனி வேண்டாம்!



“புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு” என்ற தலைப்பைச் செய்தித்தாள்களில் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். அச்செய்திகளில் ‘மந்திரக் குண்டு’ என்ற சொல்லும் அடிக்கடி தலைகாட்டும். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் அது நம்மைத் தவறாகச் சிந்திக்க வைக்கிறது என்பது என் கருத்து. காரணங்களைக் கூறுகிறேன், தீர்ப்பை நீங்களே வழங்குங்கள்.

இச்சொல்லை வழங்கியவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் இவர். உடலின் மற்றப் பகுதிகளுக்குத் தீங்கு செய்யாமல், நோய்க் கிருமியை மட்டும் தேடிச் சென்று தாக்கும் மருந்து வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கு ஒரு வழி 1975இல் பிறந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் என்ற இருவர், ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆய்வகத்திலேயே உண்டாக்கும் முறையைக் கண்டனர். 1984இல் இவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எதிர்ப்பொருள் என்பது நம் இரத்தத்தில் உள்ள ஒருவகைப் புரதம். ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற வடிவம் உடையது. அதன் இரு கைகளின் நுனிகளும் தமக்குப் பொருந்திய மூலக்கூறை மட்டுமே பற்றும். புற்றுச் செல்லின் மேற்புறத்தில் உள்ள ஓர் அடையாளப் புரதத்தைப் பற்றுமாறு எதிர்ப்பொருளை அமைத்துவிட்டால், நோய் ஒழிந்துவிடும் அல்லவா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரொனால்டு லெவி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இதைச் செய்து பார்த்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது நிணநீர் மண்டலத்தின் ‘பி’ செல்களில் தோன்றும் ஒரு புற்று. ஒவ்வொரு ‘பி’ செல்லும் தனக்கே உரிய ஓர் எதிர்ப்பொருளைத் தன் மேற்புறத்தில் தாங்கியிருக்கும். ஒரு செல்லிலிருந்து பெருகிய கட்டியில் எல்லாச் செல்களும் அதே அடையாளத்தைத் தாங்கியிருக்க வேண்டும். இதைவிடச் சிறந்த இலக்கு உண்டா? அந்த நோயாளியின் கட்டிக்கென்றே ஓர் எதிர்ப்பொருளைத் தயாரித்துச் செலுத்தினர். 1982இல் வெளியான முடிவு வியப்பளித்தது. முதல் நோயாளியின் கட்டிகள் மறைந்தன!

ஆனால், பின்னர் சிகிச்சை பெற்றவர்களுள் சிலருக்குக் கட்டி மீண்டும் வளர்ந்தது. காரணத்தை 1985இல் அக்குழுவினரே வெளியிட்டனர். மீண்டும் வளர்ந்த செல்களின் அடையாளப் புரதம் சற்றே மாறியிருந்தது. மருந்தால் அதைப் பற்ற முடியவில்லை. அப்புரதத்தை உண்டாக்கும் ஜீன் ‘பி’ செல்களில் மிக வேகமாகத் திடீர் மாற்றம் அடையக் கூடியது. மிகத் தனித்தன்மை வாய்ந்த அந்த இலக்கே மிக எளிதில் மாறும் இலக்காகவும் இருந்தது!

மருந்துதான் செல்களை மாற்றிவிட்டதோ என்று நீங்கள் நினைக்கலாம். டி.டி.டி. தெளித்த ஊரில் கொசுக்கள் மீண்டும் பெருகிய கதையை நினைத்துப் பாருங்கள். நஞ்சைத் தாங்கவல்ல ஒரு சில கொசுக்கள் முன்பே இருந்தன. மற்றவை மடிந்தபின் அவற்றின் சந்ததி பெருகியது. புற்றுக் கட்டியும் இவ்வாறே பரிணாமம் அடைகிறது என்று அமெரிக்க அறிஞர் பீட்டர் நவல் 1976இலேயே விளக்கியிருந்தார்.

ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு கிராம் எடையுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருப்பதாக மதிப்பிடுவது வழக்கம். பத்து லட்சம் செல்களுக்கு ஒன்று, தன் அடையாளத்தை இழந்துவிட்டதாகக் கொள்வோம். அப்படியானால் மருந்து செலுத்துவதற்கு முன்பே 1,000 செல்கள் தப்பிக்கத் தயாராக உள்ளன. மருந்து 99.9999 சதவீதச் செல்களைக் கொன்றாலும் பயன் நிலைக்காது.

இனி, வெவ்வேறு அடையாளங்களைத் தாக்கும் இரண்டு மருந்துகளை ஒன்றாகத் தருவோம். இரண்டு இழப்புகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், இரண்டையும் இழந்த செல் ஒரு லட்சம் கோடிக்கு ஒன்றுதான். நம் கட்டியில் இருப்பவையோ 100 கோடி. அப்படி ஒரு செல்கூட இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம். காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதும் இதே கணக்கின்படிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டியின் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துத்தான் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் சிறுநீரகப் புற்றுக் கட்டிகளின் பல பகுதிகளைத் தனித்தனியே ஆராய்ந்தனர். கண்ட திடீர் மாற்றங்களில் பாதிக்கும் மேற்பட்டவை எல்லாப் பகுதிகளிலும் காணப்படவில்லை. ஒரு துணுக்கு முழுக் கட்டியின் கதையையும் சொல்லிவிடாது.

அப்படியானால் எதிர்ப்பொருள் மருந்துகளால் பயனில்லையா? அவ்வாறு முடிவு கட்டுவது மற்றொரு தவறு. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிடுக்ஸிமாப், பெரும்பாலான ‘பி’ செல்களுக்குப் பொதுவான வேறோர் அடையாளத்தைப் பற்றுகிறது. வேதி மருந்துகளுடன் சேர்த்துத் தரப்பட்டு, ஏராளமானோரின் வாழ்நாளை நீட்டித்துள்ளது. மார்பகப் புற்று நோயாளிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ‘ஹெர்-2’ என்ற புரதம் மிகுந்திருக்கும். அவர்களுக்காக 1998இல் டிராஸ்டுசுமாப் வந்தது. இதே எதிர்ப்பொருளின்மீது நஞ்சை ஏற்றி அனுப்பும் புதிய மருந்தும் இன்று உண்டு. பற்றிய செல்லிலிருந்து அந்நஞ்சு கசிந்து, அடையாளம் இல்லாத அண்டைச் செல்லையும் கொல்லும். செல்கள் வேறுபடும் என்பதை ஒப்புக்கொண்டதால் பிறந்த வழி இது.

எனவேதான் பெயரை மாற்றச் சொல்கிறேன். ‘மந்திரக் குண்டு’ என்று கேட்கும் குடும்பம், உரிய சோதனையைக்கூடச் செய்யாமல் வீட்டை விற்று அம்மருந்தை வாங்க முனையலாம். அது பலிக்காதபோது, “இனி எம்மருந்தும் உதவாது” என்று சிகிச்சையையே கைவிடலாம். இரண்டுமே உயிருக்குக் கேடு. ‘இலக்கு மருந்து’ என்ற எளிய பெயரே போதும். அது எந்த மாயத்துக்கும் உறுதி கூறவில்லை.

அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்மருந்து எந்த அடையாளத்தைப் பற்றுகிறது? எத்தனை நோயாளிகளின் கட்டியில் அது உள்ளது? அது இல்லாத செல்களுக்கு என்ன வழி செய்திருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், செய்தி இன்னும் முழுமை பெறவில்லை என்று கொள்ளுங்கள். வீட்டில் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுபவர் நீங்களானால், அக்கேள்விகளையும் சேர்த்தே படியுங்கள்.