தொட்டிக்குள் ஒரு கடல்



சீட்டுக் காசில் கண்ணாடித் தொட்டி வாங்கி, கச்சாய்க் கடனீரேரித் தண்ணீர் நிரப்பி, அன்றே இரண்டு கோமாளி மீன்களை விட்டாள் ஒரு தங்கச்சி. மூன்றாம் நாள் இரண்டும் செத்து மிதந்தன. நான் போனபோது, "காசைக் கரியாக்கினாய்" என்று வீட்டில் ஏச்சு.

அவசரந்தான் பிழை. மீன் கழிவில் உண்டாகும் அமோனியா நஞ்சு. அதை மாற்றும் பக்றீரியா கல்லில் பெருக நாலு முதல் ஆறு கிழமை செல்லும். அதுவரை மீன் வேண்டாம். பம்பை ஓடவிட்டு, சிட்டிகை மீன் தீன் போட்டால் போதும். கடனீரேரியின் உப்பு மாரியில் குறையும், கோடையில் ஏறும். இந்த மீன்களுக்கோ லீற்றருக்கு 35 கிராம் அளவில் நிலையாக நிற்க வேண்டும். தண்ணீர் வற்றினால் நன்னீரே விடுங்கள், உப்பு ஆவியாகாது. கடலில் முருகைக்கல் உடைப்பது சட்டப்படி குற்றம். காய்ந்த சுண்ணக்கல் போதும்.

இப்போது அவள் தொட்டியில் கல்லும் தண்ணீருந்தான்.

"மீன் எங்கை பிள்ளை?" என்கிறார் மாமி.

"இன்னும் இரண்டு கிழமை, மாமி."