மின்சாரம் கேட்காத வானொலி

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரத்தில் பாட்டன் காலத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் அவற்றோடு விழுந்தன. 1962 முதல் தமிழ்நாட்டுக்கு மின்சாரம் கொடுத்துவரும் நெய்வேலியின் பக்கத்து ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனுக்குச் சார்ஜ் போட வழியில்லை. போட்டவர்களுக்கும் டவர் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட நாட்களிலும் பேசக்கூடிய கருவி ஒன்று நூறு ஆண்டுகளாக இருக்கிறது. கிரிஸ்டல் ரேடியோ. அதற்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து வரும் அலையில் உள்ள சக்தியை மட்டும் வைத்தே அது காதில் ஒலிக்கிறது.

செய்வதற்கு வேண்டிய சாமான்கள் முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊரிலேயே பாதி கிடைத்துவிடும். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மெல்லிய எனாமல் செம்புக் கம்பி இருக்கும். ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் மேல் அதை எண்பது, தொண்ணூறு சுற்று நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பழைய டிரான்சிஸ்டரிலிருந்து கழற்றிய கேங் கண்டன்சரை அந்தக் காயிலோடு இணைத்தால் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஏரியலுக்குப் பதினைந்து இருபது மீட்டர் கம்பியை இரண்டு மரங்களுக்கு இடையே உயரக் கட்ட வேண்டும். எர்த்துக்குப் போர்வெல்லின் இரும்புக் குழாய் போதும். நெய்வேலியிலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகள் போகும் பக்கமே ஏரியலைக் கொண்டுபோகக் கூடாது. இடி இடிக்கும்போது கழற்றிவிட வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

மிச்சம் ஒரு ஜெர்மானியம் டையோடும், ஓர் உயர் மின்தடை ஹெட்போனும். எல்லா வேலையும் டையோடின் கையில்தான் இருக்கிறது. அலை ஒரு நொடியில் பல லட்சம் முறை மேலும் கீழும் சமமாக ஆடுவதால் ஹெட்போன் தகடு அசையாமலே நிற்கும். டையோடு ஒரு பக்க ஆட்டத்தை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது, பேசுகிறவரின் குரலுக்கேற்ப ஏறி இறங்கும் மின்னோட்டம். அதைத் தகடு பின்பற்றுகிறது, குரல் கேட்கிறது. சிலிக்கான் டையோடு விழிக்க 0.6 வோல்ட் வேண்டும். ஜெர்மானியத்துக்கு 0.2 போதும். இவ்வளவு மெல்லிய அலையில் அந்த வித்தியாசமே கேட்பதற்கும் கேளாமைக்கும் இடையிலான எல்லை. டையோடு வருவதற்கு முன் இந்த இடத்தில் இருந்தது கலீனா என்னும் ஈயக் கனிமம். அதை அலை உணரியாகப் பயன்படுத்த ஜகதீஷ் சந்திர போஸ் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் சிப்பாய்கள் சவர பிளேடையும் பென்சில் கரியையும் வைத்தே இதே வேலையைச் செய்து காட்டினார்கள்.

ஆக, கேட்பவரின் செலவு என்றைக்குமே சொற்பம். சொல்பவரின் செலவுதான் பெரிது. நம் வானொலி வரலாறே இதற்குச் சாட்சி. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்; ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் ஆரம்பமானது. ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. பணம்தான் இல்லை. 1927இல் கிளப் ஓய்ந்தது. ஊரில் இருந்த கருவிகள் பழுதாகவில்லை, ஆனால் அவற்றுக்குச் சொல்ல எவரும் இல்லை. பிறகு கிளப்பின் கருவியைக் கொண்டு 1930 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநகராட்சி மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. லாபம் பார்த்திருந்தால் அது தொட்டிருக்காது. தண்ணீர், தெருவிளக்கு போல இதையும் ஊர்க் கடமையாக எடுத்துக்கொண்டது. 1938 ஜூன் 16 முதல் அந்தக் கடமை அகில இந்திய வானொலியிடம் வந்தது. தமிழ்நாட்டின் பொது வானொலி இப்படித்தான் நிலைபெற்றது. அந்த மாநகராட்சி உறுப்பினர்களுக்கு நாம் பட்டிருக்கும் நன்றிக் கடன் சிறியதல்ல.

இன்று 1927இல் கிளப் ஓய்ந்த அதே இடத்தில் மறுபடியும் நிற்கிறோம். நாடெங்கும் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல மூடப்பட்டுவிட்டன. பண்பலை இருக்கிறதே என்று பதில் வருகிறது. பண்பலையின் இசைத் தெளிவை நானும் விரும்புகிறேன். ஆனால் பண்பலையில் குரல் அலையின் வலிமையில் ஏறுவதில்லை, அலைவரிசையின் மாற்றத்தில் ஏறுகிறது. எளிய கிரிஸ்டல் கருவிக்கு வலிமை மட்டுமே தெரியும். டிஜிட்டல் ஒலிபரப்பு அதற்கு வெறும் இரைச்சல். மத்திய அலை போனால் பேட்டரி இல்லாத வானொலியும் போய்விடும்.

தூரமும் ஒரு தடை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சென்னை, திருச்சி இரண்டுமே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. பகலில் அவ்வளவு தொலைவிலிருந்து இந்தக் கருவிக்கு எட்டுவது மிகச் சன்னமான குரல்தான். பக்கத்தில் வலுவான ஒலிபரப்பி இருந்தால்தான் புயல் நாளில் பயன். அரசின் திட்டத்தில் மத்திய அலை ஒலிபரப்பு இடம்பெற வேண்டியதன் காரணமும் அதுவே. புயல் எச்சரிக்கைக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்று ஆண்டுதோறும் பார்க்கும் பேரிடர் துறை, கரண்டும் டவரும் சேர்ந்து போனால் எந்த வழி மிஞ்சும் என்பதையும் கேட்க வேண்டும். கடலூர் மாவட்டத்துக் கடற்கரையை எட்டும் எந்த மத்திய அலை ஒலிபரப்பியையும் அந்தக் கேள்விக்குப் பதில் தராமல் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாணவர்களைக் கொண்டு ஒரு காயில் சுற்றவைத்து, பள்ளிக் கூரையில் ஏரியல் கட்டி, என்ன கேட்கிறது என்று குறித்து மாவட்ட ஆட்சியருக்கு எழுதியனுப்பட்டும்.