ஆயா கையெழுத்துப் போடட்டும்

மீசை முளைக்காத பையன்களைப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேற்றிய ஊர் காரைக்குடி. லேவாதேவிக் கடையில் 'பெட்டியடிப் பையனாக' உட்கார்ந்து தொழில் பழகினார்கள். இன்று பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து ஆயா (பாட்டி) வீட்டுக்குத் தனியாகவே விமானத்தில் வரலாம். 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று பல விமான நிறுவனங்களில் தனிப் படிவமும் கட்டணமும் உண்டு. ஏற்றிவிடுபவர் யார், அழைத்துப்போக வருபவர் யார் என்று பெயர், கைபேசி எண், கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். "எதற்கு இத்தனை கெடுபிடி?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். படிவத்தில் ஆயா பெயர் இருந்தால், திருச்சி விமான நிலையத்தில் அடையாள அட்டையோடு ஆயாவே நிற்க வேண்டும். கடைசி நேரத்தில் சித்தப்பாவை அனுப்பி, "நம்ம ஆள்தான்" என்று வாதாடுவது சரியில்லை. கெடுபிடிதான் பிள்ளைக்குக் காவல்.