தோற்கலாம் என்று தெரிந்தும் அரசு ஏன் பணம் தரணும்? பின்லாந்து சொல்லும் கணக்கு

'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' கேமை நீங்கள் விளையாடாவிட்டாலும், விளையாடிய ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை உருவாக்கிய சூப்பர்செல், பின்லாந்து தலைநகர் ஹெல்சின்கியைத் தலைமையிடமாகக் கொண்ட, 2010-ல் தொடங்கிய கம்பெனி. நிறுவனர்கள் சொந்தக் கையிலிருந்து போட்டது சுமார் இரண்டரை லட்சம் யூரோ. 'டெக்கெஸ்' என்ற அரசு அமைப்பு கடனாகக் கொடுத்தது சுமார் 4 லட்சம் யூரோ.

அவர்களின் முதல் கேம் 'கன்ஷைன்' எடுபடவில்லை. அதைக் கைவிட்டு, டேப்லெட், மொபைல் பக்கம் திரும்பினார்கள். 2012-ல் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானின் சாஃப்ட்பேங்க், குங்ஹோ நிறுவனங்கள் சேர்ந்து 51 சதவீதப் பங்கை வாங்கின. விலை சுமார் 150 கோடி டாலர்.

இப்போது இது வெற்றிக்கதை. ஆனால் கன்ஷைனோடு கம்பெனி மூடப்பட்டிருந்தால்? 'வீடியோ கேம் கம்பெனிக்கு வரிப்பணமா?' என்று கேட்டிருப்போம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்த அமைப்பின் மொத்த வேலையும் இருக்கிறது.

அது என்ன அமைப்பு?

டெக்கெஸ் 1983-ல் தொடங்கப்பட்டது. புதிய தொழில்நுட்பத்துக்கு நிதி தருவது அதன் வேலை. ஏற்றுமதிக்கு உதவுவது, வெளிநாட்டு முதலீட்டை அழைத்து வருவது ஆகியவற்றை 'ஃபின்ப்ரோ' என்ற இன்னொரு அமைப்பு பார்த்தது. 2018 ஜனவரி 1-ல் இரண்டையும் இணைத்து 'பிசினஸ் பின்லாந்து' ஆக்கினார்கள். சுற்றுலா விளம்பரமும் இதன் பொறுப்பில்தான். இந்தியா உட்படப் பல நாடுகளில் இதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

ஏன் இணைத்தார்கள்? பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம்தான். உள்ளூர் சந்தையை மட்டும் நம்பி அங்கே ஒரு கம்பெனி பெரிதாக முடியாது. புதுப்பொருளைக் கண்டுபிடித்த மறுநாளே வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேட வேண்டும். அதனால் பணம் தருபவரும் வெளிநாட்டுக் கதவைத் தட்டித் தருபவரும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்பது யோசனை.

பணத்தை எப்படித் தருகிறார்கள்?

முழுச் செலவையும் அரசே ஏற்பதில்லை. திட்டத்தின் செலவில் ஒரு பகுதியைத்தான் தரும். மீதியைக் கம்பெனி போட வேண்டும். மானியமாகவும் வரலாம், கடனாகவும் வரலாம். செலவுக் கணக்கைக் காட்டக் காட்டப் பணம் வரும். பெரிய நிறுவனங்கள் என்றால் சிறு நிறுவனங்களையோ ஆராய்ச்சி அமைப்புகளையோ கூட்டுச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும்.

கடன் வாங்கிச் செய்த ஆராய்ச்சி தோற்றுப்போனால், அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் வழி இருக்கிறது. வங்கி இதைச் செய்யாது. வங்கி கேட்பது அடமானம். மண்டைக்குள் இருக்கும் ஐடியாவை அடமானம் வைக்க முடியாதே! அந்த இடைவெளியில்தான் அரசு வந்து நிற்கிறது.

இதனால் பலன் உண்டா?

1990-களின் தொடக்கத்தில் பின்லாந்து கடுமையான பொருளாதாரச் சரிவில் சிக்கியது. சோவியத் யூனியன் உடைந்ததில் பெரிய ஏற்றுமதிச் சந்தை ஒன்று காணாமல் போனது. வங்கிகள் ஆட்டம் கண்டன. வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டியது. மற்ற செலவுகளை வெட்டிய அந்தப் பத்தாண்டில், ஆராய்ச்சிச் செலவை மட்டும் அரசு கூட்டியது. டெக்கெஸ் நிதி போன இடங்களில் நோக்கியாவும் ஒன்று.

நோக்கியாவை நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த அதன் ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரு கம்பெனி சரிந்தால் எத்தனை வீட்டு உலை அணையும் என்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்குத் தெரியும். பின்லாந்தும் அதே அடியை வாங்கியது. ஆனால் மொத்த நாடும் நோக்கியாவோடு மூழ்கவில்லை. வேறு சிறு கம்பெனிகளிலும் விதை போட்டிருந்தார்கள். சூப்பர்செல் அதில் ஒன்று.

இதற்குப் பிறகும் பாடம் மறந்துபோனது. 2015-ல் வந்த அரசு, சிக்கனம் என்ற பெயரில் டெக்கெஸ் நிதியில் கை வைத்தது. ஜிடிபியில் 3 சதவீதத்துக்கு மேல் இருந்த ஆராய்ச்சிச் செலவு அந்தப் பத்தாண்டில் அதற்கும் கீழே இறங்கியது. இப்போது 2030-க்குள் 4 சதவீதத்தைத் தொட வேண்டும் என்று கட்சி வேறுபாடு இல்லாமல் ஒத்துக்கொண்டு, அதற்கான அரசு நிதிக்கு 2023 முதல் தனிச் சட்டமே வைத்திருக்கிறார்கள்.

நட்டம் மக்களுக்கு, லாபம் முதலாளிக்கா?

நியாயமான கேள்வி. பொருளாதார அறிஞர் மரியானா மாசுகாட்டோ பல ஆண்டுகளாகக் கேட்பது இதைத்தான்: ரிஸ்க் எடுப்பதில் அரசுக்குப் பங்கு இருந்தால், லாபத்தில் ஏன் இல்லை?

டெக்கெஸ் கம்பெனிகளில் பங்கு எடுக்கவில்லை, காப்புரிமையும் கேட்கவில்லை. 'நன்றாக வளருங்கள், வரி கட்டுங்கள்' என்பதே அதன் கணக்கு. சூப்பர்செல் விஷயத்தில் அது பலித்தது. 2016-ல் சீனாவின் டென்சென்ட் தலைமையிலான குழு பெரும்பான்மைப் பங்கை வாங்கிய பிறகும் தலைமையகம் ஹெல்சின்கியிலேயே இருக்கிறது. அதன் நிறுவனர்கள் நாட்டில் அதிகம் வரி கட்டுபவர்கள் பட்டியலில் வந்தார்கள். அங்கே அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகும். மக்கள் அதைப் 'பொறாமை நாள்' என்று கிண்டலாகச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் வேறு வழியில் போகிறது. 'டான்சீட்' ஆதார நிதி பெறும் நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது. இரண்டு வழியிலும் நியாயம் உண்டு. வரி ஏய்ப்பு குறைவான ஊரில் வரியை நம்பலாம். அப்படி இல்லாத ஊரில் பங்கு கேட்பது தப்பே இல்லை.

சறுக்கியது எங்கே?

2020 கொரோனா காலம். நெருக்கடியில் இருக்கும் கம்பெனிகளுக்கு உதவ, அதிகபட்சம் 10 ஆயிரம் யூரோ, 1 லட்சம் யூரோ என இரண்டு வகை மானியங்களை பிசினஸ் பின்லாந்து அவசரமாக அறிவித்தது. ஆனால் அதன் சட்டம் அனுமதிப்பது புதிய முயற்சிகளுக்கான பணத்தை மட்டுமே. கடை வாடகைக்கும் சம்பளத்துக்கும் தர முடியாது. விளைவு, மூடிக் கிடந்த உணவகங்கள் காத்திருக்க, திட்ட அறிக்கை எழுதத் தெரிந்த கன்சல்டிங் கம்பெனிகளின் பெயர்களும் பட்டியலில் வந்தன. மக்கள் கொதித்தார்கள்.

இது எப்படி வெளியே தெரிந்தது? யாருக்கு எவ்வளவு என்பதை அந்த அமைப்பே வெளியிட்டதால்தான். பத்திரிகைகள் பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்டன. நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது.

நாம் என்ன கேட்கணும்?

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஜிடிபியில் சுமார் 0.64 சதவீதம். 2025 ஜூலையில் தனியார் ஆராய்ச்சியை ஊக்குவிக்க 1 லட்சம் கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நல்ல விஷயம். அதில் தோற்கும் திட்டங்களும் நிச்சயம் இருக்கும். தோல்வியே இல்லை என்று கணக்கு வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எப்படியும் ஜெயிக்கப்போகிறவர்களுக்கே பணம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் 'எத்தனை கம்பெனி தோற்றது?' என்பதைப் பிறகு கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியவை மூன்று. யாருக்குக் கொடுத்தீர்கள்? எந்த அடிப்படையில்? தோற்றதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் பொதுவெளியில் இருந்தால், தோற்ற பணம் முதலீடு. பதிலே இல்லை என்றால், ஜெயித்த பணமும் சலுகைதான்.