உழவு மழையும் மில்லிமீட்டரும்

வறட்சி என்றால் மழைக் குறைவு என்ற நம்பிக்கை அரசாணையிலும் செய்தித்தாளிலும் பேருந்து நிறுத்தப் பேச்சிலும் ஒன்றுபோல ஊறிக் கிடக்கிறது. ஆண்டு மழை சராசரியைத் தொட்டுவிட்டால் அந்த மாவட்டத்தில் வறட்சி இல்லை என்று கணக்கு முடிக்கப்படுகிறது. இந்தக் கணக்கு தவறு. பயிரின் வேர் குடிப்பது வானத்து மழையை அல்ல, மண்ணில் தங்கிய ஈரத்தை. மழை வரவு என்றால் மண் ஈரம் இருப்பு. வரவை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்ல முடியாது. செலவும் இருப்பும் தெரிய வேண்டும்.

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் இந்த நம்பிக்கையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், தருமபுரி நகரைவிட ஐந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில், இந்த மலையின் ஊர்கள் இருக்கின்றன. மலையாளி பழங்குடியினர் சாமை, கேழ்வரகு, கடுகு விதைக்கிறார்கள். காபியும் மிளகும் சில்வர் ஓக் மர நிழலில் வளர்கின்றன. அடிவாரத்தில் வெயில் கொளுத்தும்போது மேலே காற்று குளிர்ந்திருக்கும். ஆகவே வறட்சி சமவெளியின் துன்பம், மலைக்கு அது கிடையாது என்று கீழே இருப்பவர்கள் எளிதாக நம்பிவிடுகிறார்கள். மலைச்சரிவின் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் நிலைமை வேறு.

சரிவு நிலத்தில் மண்ணின் ஆழம் குறைவு. சரளை கலந்த செம்மண் பல இடங்களில் ஒன்றிரண்டு சாணுக்குக் கீழே பாறையைத் தொட்டுவிடும். நல்ல மழைக்குப் பிறகு மிகைநீர் வடிந்து மண் தாங்கி நிற்கும் ஈரம் ஒரு மேல் எல்லை. வேரால் இனி உறிஞ்ச முடியாது, செடி வாடினால் மீளாது என்ற நிலை கீழ் எல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நீர்தான் பயிருக்குக் கிடைப்பது. நடுத்தரமான மண்ணில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை அது இருக்கும். சரளை மிகுந்தால் இன்னும் குறையும். முப்பது சென்டிமீட்டர் மண்ணென்றால், முழுக்க நனைந்த நாளிலும் இருப்பு 30 முதல் 45 மில்லிமீட்டர்தான். வளர்ந்த பயிரும் வெயிலும் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் எடுத்தால் எட்டு முதல் பதினொரு நாளில் அது தீர்ந்துவிடும். பாதி தீர்ந்ததுமே பல பயிர்களுக்கு வாட்டம் தொடங்கிவிடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள கரிசல் மண்ணில் அதே பயிர் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். பதினைந்து நாள் மழையில்லாத இடைவெளி கரிசலுக்கு ஓய்வு, மலைச்சரிவுக்கு வறட்சி. இரண்டு இடத்திலும் மழைமானி காட்டும் எண் ஒன்றாகவே இருக்கலாம்.

மழை பெய்யும் விதமும் இதே அளவுக்கு முக்கியம். நான்கு வாரத்தில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டராகப் பெய்த 100 மில்லிமீட்டர் மண்ணுக்குள் இறங்கும். ஒரே இரவில் கொட்டிய 100 மில்லிமீட்டரில் பெரும்பகுதி ஓடையில் இறங்கிவிடும், ஏனென்றால் 40 மில்லிமீட்டர் மட்டுமே தாங்கும் மண்ணில் மீதிக்கு இடமில்லை. போகும்போது மேல்மண்ணையும் கொஞ்சம் வாரிக்கொண்டு போகும். அடுத்த ஆண்டு தாங்கும் அளவு அதனால் இன்னும் குறையும். மாதக் கணக்கில் இரண்டும் 100 என்றே பதிவாகும். மலையில் பெய்த மழை அடிவாரத்து ஏரியில் கிடக்க, மேலே சாமை காய்வது இப்படித்தான்.

பழைய உழவர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. மழை எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் சொன்னது ‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு உழவு மழை’ என்ற அளவு. வானிலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதைவிட ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதே அவர்களுக்குத் தேவைப்பட்டது. கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கி, உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா என்று பார்த்துப் பதம் சொன்னார்கள். அறிவியல் இன்று கருவிகளால் அளக்க முயல்வது இதே அளவைத்தான். அந்த அறிவை ‘நாட்டுப்புறக் கணிப்பு’ என்று ஒதுக்கிவிட்டு மில்லிமீட்டரை மட்டும் அறிவியல் என்று கொண்டாடியது ஒரு பெரிய இழப்பு.

மலை பச்சையாக இருக்கிறதே என்ற வாதம் அடுத்தது. சில்வர் ஓக் மரத்தின் வேர் பாறை இடுக்குகள் வழியாக ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகும். சாமையின் வேருக்கு மேல்மண் மட்டுமே உண்டு. மரம் பச்சையாக நிற்கும்போதே அதன் அருகில் சாமை கதிர் பிடிக்காமல் வைக்கோலாகப் போகலாம். செயற்கைக்கோள் படத்தில் இலைப் பசுமையை அளந்து வறட்சி சொல்லும் முறை இங்கேதான் சறுக்குகிறது. சாமை வறட்சி தாங்கும் பயிர் என்பது உண்மைதான். ஆனால் தாங்குவது வேறு, விளைவது வேறு. காபியிலும் இதே கதைதான். மார்ச், ஏப்ரலில் வரும் பூ மழை போதிய அளவில் இல்லையென்றால் மொட்டு ஒழுங்காக விரியாது. பூத்த சில வாரங்களில் அடுத்த மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. அக்டோபரில் எவ்வளவு கொட்டினாலும் அந்த இழப்பு ஈடாகாது, ஆண்டுச் சராசரி மட்டும் நிறைந்துவிடும்.

விதிப்புத்தகமும் வறட்சி என்றால் மழைக் குறைவு என்ற நம்பிக்கையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. மத்திய வேளாண் அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேட்டில் முதல் கட்டச் சோதனை மழைக் குறைவும் மழை இடைவெளியும்தான். அதைத் தாண்டினால்தான் பாதிப்புக் குறியீடுகளுக்குப் போக முடியும். பயிர்ப் பரப்பு, செயற்கைக்கோள் பசுமை, மண் ஈரம், நீர்நிலை என்ற அந்த நான்கு வகையில் மூன்றை மாநிலம் தேர்ந்துகொள்ளலாம். வேருக்கு மிக அருகில் இருக்கும் அளவான மண் ஈரத்தை முழுக்க விட்டுவிட்டும் ஓர் அறிவிப்பு வரலாம் என்பது இதன் பொருள். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் எந்த அளவுகோலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். சிக்கல் இடைநிலை ஆண்டுகளில் வருகிறது. மழை பத்து, பதினைந்து விழுக்காடு மட்டுமே குறைந்து, ஆனால் தவறிய நேரத்தில் பெய்த ஆண்டுகள் அவை. மலையின் உழவர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் கடன் வாங்குவது அந்த ஆண்டுகளில்தான். மழை எண்ணை வைத்து இழப்பீடு கணக்கிடும் வானிலைக் காப்பீட்டிலும், குறிப்பு நிலையம் கீழே இருந்தால் மேலே காய்ந்த வயலுக்கு வழியில்லை.

மண் ஈரத்தை அளப்பது கடினம், மழையை அளப்பது எளிது என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. மழைப் பதிவு பல பத்தாண்டுகளுக்கு இருக்கிறது. மண் ஈரக் கணக்குக்கும் அந்தப் பதிவே மூலப்பொருள். ஐ.ஐ.டி. காந்திநகரின் ஆய்வுக் குழு மழை, வெப்பம் முதலியவற்றை ஒரு நீரியல் மாதிரியில் இட்டு நாடு முழுவதற்கும் மண் ஈர வறட்சி வரைபடம் தயாரிக்கிறது. 2015 ஜனவரியில் நாசா ஏவிய ‘ஸ்மாப்’ செயற்கைக்கோள் நுண்ணலையால் மண் ஈரத்தை அறிகிறது. ஆனால் அது நேரடியாக உணர்வது மேல் ஐந்து சென்டிமீட்டரை மட்டுமே. அதன் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். வத்தல்மலை உச்சியும் தருமபுரி சமவெளியும் அந்த ஒரே கட்டத்துக்குள் கலந்துபோகக்கூடும். மரச்செறிவும் செங்குத்துச் சரிவும் அளவை மேலும் குழப்பும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘நிசார்’ செயற்கைக்கோள் இதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் பார்க்கும் நோக்கம் கொண்டது. அதற்கும் சரிபார்க்கத் தரையில் அளந்த எண் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரந்தோறும் நிறுவிய தானியங்கி வானிலை நிலையங்களில் மண் ஈர உணரியும் உண்டு. ஆனால் வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மலையும் சமவெளியும் ஒரே எண்ணுக்குள் அடங்காது.

மலைக்குத் தேவைப்படுவது பெரிய செலவல்ல. உச்சிச் சமநிலம், நடுச்சரிவு, ஓடைக்கரை என மூன்று இடங்கள் போதும். ஒவ்வொன்றிலும் 10, 20, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வாரம் ஒருமுறை மண் எடுத்து எடை பார்க்க வேண்டும். 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி மீண்டும் எடை பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். ஓர் அடுப்பும் ஒரு தராசும் இதற்குக் கருவி. பல ஆண்டு எண்கள் சேர்ந்த பின் இந்த வார ஈரத்தை முந்தைய ஆண்டுகளின் இதே வாரத்தோடு ஒப்பிடலாம். நூற்றில் இருபது ஆண்டுகளே இதைவிடக் காய்ந்திருந்தன என்றால் அது வறட்சியின் தொடக்கம். பயிர் வாடும் முன்பே அது தெரிந்துவிடும், ஆண்டு முடிந்து சராசரி போட்ட பிறகு அல்ல. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் பயிரின் பெயருக்கு அருகில் ஈரத்தின் ஆழத்துக்கும் ஒரு பத்தி சேர்த்தால், ‘ரெண்டு உழவு மழை’ என்ற பழைய அளவு மறுபடியும் பதிவேட்டுக்குள் வரும்.